ஏசி கடைக்குப் போகும் முன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்

மார்ச் பிறந்ததும் ஏசி விளம்பரங்கள் தொடங்கிவிடும். ஏப்ரலில் தவணைக்கு ஒன்றை வாங்குவோம், ஜூனில் வரும் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் சோலார் போட்டுவிடலாமா என்று யோசிப்போம். பெரும்பாலான வீடுகளில் இதுதான் வரிசை. இந்த வரிசையை மாற்றச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலில் கூரை, அப்புறம் மேற்குச் சுவரும் ஜன்னலும், அப்புறம் ஃபேன், அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் ஏசி, கடைசியில் சோலார். இப்படிப் போனால் ஒவ்வொரு படியும் அடுத்த படியின் செலவைக் குறைக்கும். வெயில் இறங்காத சின்ன அறைக்கு 1.5 டன் ஏசி வேண்டாம், 1 டன் போதும். ஏசி குறைவாக ஓடும் வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் வேண்டாம், 2 போதும். மாற்றிச் செய்தால், சூட்டை உள்ளே விட்டுவிட்டு அதை வெளியே தள்ளுவதற்கு வருடா வருடம் காசு கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கான்கிரீட் மொட்டை மாடியுள்ள சொந்த வீட்டுக்காரர்களுக்கு இதில் எல்லாமே பொருந்தும். வாடகைக்கு இருப்பவர்கள், அடுக்குமாடியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இது எதுவும் தேவையில்லை, அங்கே வெயில் உள்ளே வருவதுதான் நல்லது.

சூடு எங்கிருந்து இறங்குகிறது

தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 8 முதல் 13.5 டிகிரிக்குள் இருக்கிறது. அதனால் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரிக்கும், கடைசி வாரத்தில் சென்னைக்கும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும். உச்சி வெயில் சுவரில் அதிகம் படாது, மொத்தமும் கூரை மீதுதான். மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் வெயில் விழுகிறது. 600 சதுர அடி மாடி என்றால் ஏறக்குறைய 55 சதுர மீட்டர். அதாவது ஐம்பதுக்கு மேற்பட்ட அயர்ன் பாக்ஸ்களை ஆன் செய்து மாடி முழுக்கக் கவிழ்த்து வைத்தால் எவ்வளவு சூடோ அவ்வளவு. பாசி படிந்து கறுத்துப்போன கான்கிரீட் இதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பி வானத்துக்கே அனுப்பிவிடும். விஷயம் இவ்வளவுதான், இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். வெளியே மாலை 7 மணிக்கே காற்று இதமாகிவிட்டிருக்கும், படுக்கையறையில் மட்டும் 10 மணிக்கும் புழுங்கும். ஐந்து அங்குலத் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் தாமதித்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில் கீழே இறக்குகிறது. மேலே சுற்றும் ஃபேன் அந்தத் தளத்தை ஒட்டியுள்ள சூடான காற்றைத்தான் நம் மீது தள்ளுகிறது. ஃபேன் மோசம் என்று மாற்றப் போவதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள். இரவு 8 மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, உள்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். அப்படியே இறங்கி மேற்குச் சுவரில், அப்புறம் வடக்குச் சுவரில் வையுங்கள். எது சுடுகிறதோ அங்கேதான் முதல் வேலை. கையை நம்பாதவர்கள், ட்ரிகர் அழுத்தினால் சூட்டைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானியை வாங்கலாம், விலை அதிகமில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தை, ஒரே நேரத்தில் அளந்து குறித்து வைத்தால் செய்த செலவுக்குப் பலன் உண்டா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாடிக்கு வெள்ளை அடிப்பது

இதற்கு நல்ல காலம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடும், தளம் காய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. ஏப்ரலில் நினைவு வந்தாலும் செய்யலாம். ஆனால் கொதிக்கிற தளத்தில் அடித்தால் பூச்சு பிடிக்கும் முன்பே காய்ந்து பொடியாக உதிரும், அதனால் அதிகாலையிலோ மாலை 5 மணிக்கு மேலோதான் அடிக்க வேண்டும்.

அடிக்கும் நேரத்தைவிடத் தயார் செய்யும் நேரம்தான் அதிகம், அதில் அவசரப்படாதீர்கள். மாடியில் கிடக்கும் உடைந்த நாற்காலி, பழைய பைப், தொட்டி எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து எடுங்கள். பாசி ஆழமாகப் பிடித்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது, கொத்தனாரை வைத்து வாட்டத்தைச் சரி செய்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும். விரிசல் இருந்தால், முக்கியமாகக் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில், கிராக் ஃபில்லர் போட்டு அடையுங்கள். உள்ளே ஏற்கனவே நீர் கசிகிற வீட்டில் வெள்ளை அடிப்பது மருந்தாகாது. கசிவை முதலில் பாருங்கள்.

மலிவான வழி சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் சிறப்பு. பத்து கிலோ சுண்ணாம்புக்கு ஒரு கிலோ வெள்ளைப் பசை (மரவேலைக்காரர்கள் பயன்படுத்தும் ஃபெவிகால் மாதிரியானது) என்பது பலர் கடைப்பிடிக்கும் கணக்கு. நீற்றாத சுண்ணாம்பு என்றால் தண்ணீரில் போட்டதும் கொதிக்கும், அதனால் பிளாஸ்டிக் வாளியில் போடாமல் இரும்பு டிரம்மில், குழந்தைகள் இல்லாத இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்றி ஒரு ராத்திரி ஆற விடுங்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. பெயிண்டர் வந்து செய்தாலும் அவருக்கும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஆறியதை வடிகட்டி, பசையைத் தனியாகத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்து, பிரஷ்ஷில் எடுத்தால் வடியும் அளவுக்கு நீர்க்கச் செய்யுங்கள். கெட்டியாக ஒரே கோட்டில் அடித்து முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படி அடித்தால் ஒரு மாதத்தில் பொருக்குப் பொருக்காக எழும்பும். தளத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மெல்லிய கோட்டாக ஒன்று, காய்ந்ததும் குறுக்குவாக்கில் இன்னொன்று, முடிந்தால் மூன்றாவது. அடுத்த இரண்டு நாள் காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டுதான் இறுகும், அதற்கு ஈரம் வேண்டும்.

கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தையும் மாடிப்படி அறையின் கூரையையும் விட்டுவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் கறுப்பு வேண்டாம், வெள்ளை வைத்தால் மத்தியானம் குழாயில் கொதிநீர் வருவது குறையும்.

சுண்ணாம்பின் குறை, வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும், காலில் வெள்ளையாக ஒட்டும், வடகமும் வத்தலும் காயவைப்பவர்கள் அடியில் தார்ப்பாயோ கனமான துணியோ விரித்தாக வேண்டும். மழைநீர் சேமிப்புத் தொட்டி வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு மூன்று மழைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள், சுண்ணாம்புக் கரைசல் உள்ளே போகக் கூடாது. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழாய் இணைப்பு உங்கள் வீட்டிலும் எங்காவது இருக்கும், தேடிப் பிடியுங்கள்.

காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை என்றால் கூல் ரூஃப் பெயிண்ட் என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் மாதிரி இழுபடும் அக்ரிலிக் பூச்சு இது, சின்ன விரிசலையும் மூடும், நல்ல ரகமாக இருந்தால் சில வருடங்கள் நிற்கும். வாங்கும்போது டப்பாவில் எஸ்ஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருக்கிறதா பாருங்கள். வெயிலைத் திருப்பும் திறனையும் வாங்கிய சூட்டை வெளியே விடும் திறனையும் சேர்த்துச் சொல்லும் எண் அது, 100-ஐ ஒட்டியோ மேலேயோ இருந்தால் நல்லது. எண்ணே போடாமல் வெறுமனே வாட்டர் புரூஃப் என்று மட்டும் எழுதியிருந்தால் அது மழைக்கான பூச்சு, வெயிலுக்கானது என்று சொல்ல முடியாது. சிவப்பிலும் பச்சையிலும்கூட அதே கம்பெனிப் பூச்சு கிடைக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது வெள்ளை.

மூன்றாவது வழி வெள்ளை டைல்ஸ். நம் ஊரில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, அதன் மேல் தட்டோடு (சுட்ட மண்ணால் ஆன தட்டை ஓடு) பதிக்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு, அது வெயிலையும் மழையையும் சேர்த்தே தடுக்கும் நல்ல வேலை. அந்தத் தட்டோடு நன்றாக இருந்தால் அதைப் பெயர்க்க வேண்டாம், மேலேயே வெள்ளைப் பூச்சு அடியுங்கள். பெயர்ந்து மாற்ற வேண்டிய நிலை என்றால் வெள்ளை கூல் டைல்ஸ் போடலாம். வழவழப்பானதை வாங்காதீர்கள், மழையில் வழுக்கும். மேலே மேலே அடுக்கிக்கொண்டே போனால் தளத்துக்குப் பாரம் கூடும், பழைய வீடாக இருந்தால் பொறியாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தகர ஷீட், சிமெண்ட் ஷீட் போட்ட வீடுகளுக்குத்தான் வெள்ளை அடிப்பதால் கிடைக்கும் பலன் எல்லோரையும்விட அதிகம், ஏனென்றால் ஷீட் சூட்டைத் தாமதப்படுத்தாது, வாங்கிய உடனே கீழே இறக்கிவிடும். அகமதாபாத்தில் 2013-இல் வெப்ப அலைக்கான செயல்திட்டம் போட்டார்கள், பிறகு அதில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதையும் சேர்த்தார்கள். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். ஷீட் வீட்டில் மத்தியானம் இருக்க நேரும் முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் தெருவில் அப்படி வீடு இருந்தால் உங்கள் வேலை முடிந்து மீதமிருக்கும் பூச்சை அங்கே கொடுங்கள். இரண்டு எச்சரிக்கை: ஷீட் மேல் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது, பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும்; ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தேய்க்கவோ துளையிடவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து, ஈரப்படுத்தி மெதுவாகத் துடைத்துவிட்டு அடித்தால் போதும்.

வாடகை வீட்டில் மேல் மாடியில் இருக்கிறீர்கள், வீட்டுக்காரர் எதற்கும் சம்மதிக்கவில்லை என்றால் பச்சை ஷேட் நெட் உங்களுக்குத்தான். தளத்தை ஒட்டி விரிக்காதீர்கள். கம்பு நட்டு ஆறேழு அடி உயரத்தில் பந்தல் மாதிரிக் கட்டினால் நடுவில் காற்று ஓடும், தளம் நிழலில் இருக்கும், வீடு மாறும்போது அவிழ்த்துக்கொண்டும் போகலாம். தென்னங்கீற்று கிடைக்கும் ஊரில் அதுவே போதும். மாலையில் தளத்தில் தண்ணீர் தெளிப்பதும் வேலை செய்யத்தான் செய்கிறது, ஆனால் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் அதை நான் சொல்ல மாட்டேன்.

மேற்குச் சுவர், ஜன்னல்

கூரைக்கு அடுத்து மேற்கு. மாலை வெயில் சாய்ந்து அடிப்பதால் சன்ஷேடு அதைத் தடுக்காது. உள்பக்கம் திரை போட்டால் வெளிச்சம் குறையுமே தவிர, கண்ணாடி வழியாக வந்த சூடு திரையைச் சுட வைத்து அறைக்குள்ளேயே தங்கிவிடும். நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். மூங்கில் தட்டி, ஷேட் நெட், கொடி ஏறிய கம்பிவலை எதுவானாலும் சரி. இதை வாடகை வீட்டிலும், பால்கனி உள்ள அடுக்குமாடியிலும் யாரையும் கேட்காமல் செய்யலாம். மே முதல் ஜூலை வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நகர்ந்துவிடும், அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் வெயில் எட்டிப் பார்க்கும். அதையும் கவனியுங்கள்.

ஜன்னலை எப்போது திறப்பது என்பதற்கு நேரக் கணக்கு வேண்டாம், வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்திருந்தால் திறக்க வேண்டும், சூடாக இருந்தால் மூட வேண்டும். மதுரை, திருச்சி, வேலூர் போன்ற உள் ஊர்களில் காலை 9 மணி வாக்கில் மூடி மாலையில் திறப்பது சரியாக வரும். சென்னையில் கடற்காற்று நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து வந்துவிட்டால் அந்தப் பக்க ஜன்னலை மத்தியானமே திறக்கலாம். இரவில் எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்து, கொசுவலை அடித்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் பகல் சூடு வெளியே போகும்.

ஏர் கூலர் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் ஆவியானால்தான் அது குளிர்விக்கும், காற்றில் ஏற்கனவே ஈரம் நிரம்பியிருக்கும் கடலோர ஊர்களில் ஆவியாக இடமே இருக்காது. உள் மாவட்டங்களில் காய்ந்த கோடைக்கு நல்லது, சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் வாங்க வேண்டாம்.

ஃபேன்: பில்லில் உடனே தெரியும் மாற்றம்

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் அதே காற்றுக்கு 28 முதல் 35 வாட். பழைய மோட்டாரில் சுருளில் வீணாகும் மின்சாரம் சூடாகப் போகும், ஃபேன் மோட்டாரைத் தொட்டால் சுடுவது அதனால்தான். பிஎல்டிசியில் நிரந்தரக் காந்தமும் அதை இயக்கும் சின்ன மின்னணு அட்டையும் இருப்பதால் அந்த இழப்பு குறைவு. ஒரு ஃபேன் நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள், 75 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மாத பில்லில் 40 யூனிட். மூன்று ஃபேன் என்றால் 120 யூனிட்.

இந்த 120 யூனிட் எவ்வளவு பணம் என்பது நீங்கள் எந்தக் கட்டணப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, இங்கேதான் தமிழ்நாட்டு கட்டண முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். 2022 செப்டம்பர் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை பாதி விலைதான். 501 ஆகிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும், அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் விலை ஏறிக்கொண்டே போகும். அந்தக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 560 யூனிட்டுக்கு 2430 ரூபாய், 440 யூனிட்டுக்கு 1365 ரூபாய். மூன்று ஃபேன் மாற்றியதில் ஒரு பில்லுக்கு 1065 ரூபாய் வித்தியாசம். அதற்குப் பிறகு விலை கொஞ்சம் ஏறியிருப்பதால் மிச்சமும் கொஞ்சம் கூடும். ஏற்கனவே 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு இந்த அளவு மிச்சமாகாது, அங்கே பழைய ஃபேன் பழுதாகும்போது மாற்றினால் போதும், ஓடுகிற ஃபேனைக் கழற்றிப் போட வேண்டாம். ஆகவே முதலில் பழைய பில்களை எடுத்து ஏப்ரல், ஜூன் மாதங்களில் எத்தனை யூனிட் என்று பாருங்கள்.

வாங்கும்போது அதிகம் ஓடும் ஃபேனிலிருந்து தொடங்குங்கள், பெரும்பாலும் அது படுக்கையறை. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேன்களுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், அதில் வாட் மட்டும் பார்க்காமல் காற்றின் அளவையும் பாருங்கள், காற்றே வராத 28 வாட்டால் என்ன பயன்? எலக்ட்ரீசியனிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது, பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக இணைக்க வேண்டும். ரெகுலேட்டர் வழியாக ஓட்டினால் உள்ளே இருக்கும் அட்டை பழுதாகும், வாரண்டியும் கிடைக்காது. பெரும்பாலான ரகங்களில் வேகத்தை ரிமோட்டில்தான் மாற்ற முடியும் என்பதால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஸ்விட்சை அணைத்துப் போட்டு வேகம் மாற்றும் வசதியுள்ள ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். மின்வெட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும் என்பது தனி லாபம்.

காற்றே 40 டிகிரிக்கு மேல் போகும் நாளில் ஃபேன் உடம்பைக் குளிர்விக்காது, சூட்டைத்தான் ஏற்றும். அந்த மாதிரி மத்தியானங்களில் ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பதும், குளிர்ந்த அறையுள்ள பக்கத்து வீட்டுக்குப் பெரியவர்களை அனுப்புவதும்தான் சரி.

இதற்குப் பிறகும் ஏசி வேண்டுமென்றால்

வேண்டியிருக்கலாம், தவறில்லை. மே மாத சென்னை இரவுக்கு வெள்ளைக் கூரையும் ஃபேனும் மட்டும் போதாமல் போகும், நோயாளி இருக்கும் வீட்டில் யோசிக்கவே வேண்டாம். ஒரே ஓர் அறைக்குப் போடுங்கள், அந்த அறையின் கதவிடுக்கையும் ஜன்னலிடுக்கையும் ரப்பர் பட்டையால் அடையுங்கள்.

லேபிளில் எத்தனை ஸ்டார் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஸ்டார் அளவுகோலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள், லேபிளில் அது எந்தக் காலத்துக்கானது என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். ஆஃபரில் தள்ளிவிடும் பழைய 5 ஸ்டார், புதிய கணக்கில் 4 ஆகவோ 3 ஆகவோ இருக்கக்கூடும். வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும், அது 1600 மணி நேரத்துக்கான கணக்கு. அந்த எண்ணை 1600-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எவ்வளவு இழுக்கும் என்று தெரியும். இரண்டு கடைகளில் இரண்டு மாடலை ஒப்பிட இதுதான் சரியான வழி, ஒரே டன் அளவில் ஒப்பிடுங்கள்.

வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தி சேமிப்புக்கான மத்திய அமைப்பு சொல்லும் கணக்கு. 2020-இலிருந்து ஸ்டார் லேபிள் ஏசிகள் ஆன் செய்ததும் 24-இல் தொடங்கும்படி வருகின்றன. நான் சொல்வது 27, கூடவே பிஎல்டிசி ஃபேன் குறைந்த வேகத்தில். காற்று அசைந்தால் 27 டிகிரியும் உடம்புக்கு 24 மாதிரிதான் இருக்கும், ஃபேன் அதற்குச் செலவழிப்பது பத்துப் பதினைந்து வாட். வெளி யூனிட்டை மேற்கு வெயிலில் மாட்டாதீர்கள், நிழலில், காற்றோட்டமாக, நாலு பக்கமும் இடம் விட்டு மாட்டச் சொல்லுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழற்றிக் கழுவுங்கள், அதற்கு மெக்கானிக் தேவையில்லை.

சோலார் கடைசியில் ஏன்

இப்போது உங்கள் பில் குறைந்திருக்கும். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் இரண்டின் பில்லையும் பார்த்துவிட்டு, குறைந்த பிறகான அந்தத் தேவைக்குத்தான் சோலார் கணக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், அதாவது இரண்டு மாதத்துக்கு 240. இடம் சுமார் 100 சதுர அடி. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பேனல் இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்டதாக இருந்தால்தான் மானியம் கிடைக்கும், அதை விலைப்பட்டியலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சோலார் முதலில் வெட்டுவது உங்கள் பில்லின் உயர்ந்த விலை யூனிட்டுகளைத்தான், அதனால் 600, 800 யூனிட் ஓடும் வீட்டுக்குப் போட்ட பணம் வேகமாகத் திரும்பும். 300 யூனிட்டுக்குள் இருந்தால் அவசரமே இல்லை.

விற்பவர்கள் பெரும்பாலும் தெளிவாகச் சொல்லாத ஒன்று உண்டு. பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். நட்ட நடு வெயிலிலும் நிற்கும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்வாரியத் தொழிலாளி மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது, எக்காரணத்துக்காகவும் அதை மீறி வயரிங் செய்யச் சொல்லாதீர்கள். மின்வெட்டுக்கும் உதவ வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், விலை கணிசமாகக் கூடும்.

பேனல் தெற்கு நோக்கி, உங்கள் ஊரின் அட்சரேகை அளவுக்கு, அதாவது பத்து டிகிரியை ஒட்டிய சாய்வில் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டு மாடியின் நிழலும் மார்கழியில் நீளும் என்பதால், அந்த மாதத்தில் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வைத்துக்கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை அதிகாலையில் தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும், மத்தியானம் சூடான கண்ணாடியில் ஊற்றக் கூடாது. பேனலும் சூடேறினால் உற்பத்தி குறையும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை. அதனால் ஸ்டாண்டைத் தளத்தை ஒட்டி வைக்காமல், ஆள் குனியாமல் நடக்கும் உயரத்துக்குக் கேளுங்கள், இரும்புச் செலவு கூடும்தான், ஆனால் அடியில் காற்று ஓடும், மாடியும் புழங்கக் கிடைக்கும், தளத்துக்கு நிழலும் ஆகும். அந்தச் செலவு கட்டுப்படியாகாமல் தாழ்வான ஸ்டாண்டுதான் என்று முடிவானால், ஆட்கள் வந்து போல்ட் அடிக்கும் முன்பே அந்த இடத்தின் விரிசல்களை அடைத்து வெள்ளை அடித்துவிடுங்கள், பேனல் ஏறிய பிறகு அதன் அடியில் பிரஷ் நுழையாது.